6.1 என்ற எண்ணும் விடியற்காலைப் பூப்பறிப்பும்

கேள்வி: திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு வயது 72. பதினாறு ஆண்டுகளாக சுகர் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை இன்னும் அவரே பார்த்துக்கொள்கிறார். சுகர் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவுதான் சாப்பிடுகிறார். விடியற்காலை நான்கு மணிக்குக் காப்பி குடித்து, காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூப்பறிக்கப் போவார். ஏழு மணிக்குப் பூ மூட்டையை மொபெட்டில் வைத்து மாட்டுத்தாவணி சந்தைக்குக் கொண்டுபோவார். சாப்பிடுவது பத்து மணிக்குத்தான். எட்டு மாதங்களுக்கு முன்பு வெறும் வயிற்றுச் சர்க்கரை 148 என்று வந்ததால் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். இப்போது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 7.4-இலிருந்து 6.1-க்கு வந்துவிட்டது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் போன பங்குனியில் ஒரு நாள் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து, சட்டையெல்லாம் நனைந்து, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். காற்று கருப்பு என்று சொல்லித் திருநீறு பூசினார்கள். கருப்பட்டிக் காப்பி கொடுத்து அரை மணி நேரத்துக்கும் மேலாகித்தான் தெளிந்தார். கை நடுக்கம் இல்லாததால் அது லோ சுகர் இல்லை என்று அண்ணன் சொல்கிறார். மாத்திரையைக் குறைத்தால் கிட்னியும் கண்ணும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கிரியாட்டினின் 1.7, ஹீமோகுளோபின் 10.2. என்ன செய்வது?

(மதுரை வாசகி, பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மாத்திரைச் சீட்டின் படத்தையும் அனுப்பியிருந்தார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வரப்பில் நடந்தது பெரும்பாலும் சர்க்கரை இறக்கம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் இதயத் துடிப்புக் கோளாறோ, தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தில் ஏற்பட்ட சிறு தடையோ காரணமாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் மருத்துவரிடம் சொல்லி, இசிஜி முதலான பரிசோதனைகள் எடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும், அண்ணன் சொல்லும் அந்த நடுக்கமின்மை உட்பட, ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

முதலில் அந்த மாத்திரையைப் பார்ப்போம். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவுதான் சாப்பிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். சீட்டில் உள்ள அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் இருக்கின்றன: கிளைமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்பார்மின் 500, வோக்ளிபோஸ் 0.2. இவற்றில் மெட்பார்மினும் வோக்ளிபோஸும் தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளைமிபிரைடு அப்படிப்பட்டது அன்று. அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும் மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை. அதனால்தான் அந்த மருந்தை அன்றைய முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும் என்கிறோம். "காலையில் சாப்பாட்டுக்கு முன்" என்று மருந்துச் சீட்டில் எழுதும் எங்களுக்கு எட்டு மணி இட்லிதான் மனதில் இருக்கும். மல்லிகை பறிக்கிறவருடைய காலை நான்கு மணிக்குத் தொடங்கிவிடுகிறது என்பதை நாங்கள் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை. நான்கு மணிக்கு மருந்து, ஆறு மணி நேரம் கழித்துச் சாப்பாடு, இடையில் குனிந்து நிமிர்ந்து மூன்று மணி நேரம் வேலை. வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது சர்க்கரை இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு மேல் சிறுநீரகம். 72 வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 1.7 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 42 என்று கணக்கு வரும். அறிக்கையில் இதை இஜிஎப்ஆர் என்று போட்டிருப்பார்கள். கிளைமிபிரைடு கல்லீரலில் உடைந்து உண்டாகும் பொருளுக்கும் சர்க்கரையைக் குறைக்கும் வேகம் ஓரளவு உண்டு. அது சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடிகட்டி மந்தமாகும்போது மருந்து உடம்பில் தங்கும் நேரம் கூடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குச் சரியாக இருந்த அதே அளவு இன்று அதிக அளவாக வேலை செய்யும். அப்படியிருக்க, எட்டு மாதங்களுக்கு முன்பு அளவு கூட்டப்பட்டிருக்கிறது. இன்னும் பல வீடுகளில் கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரையைப் பார்க்கிறேன். இதே வகையில் அது இன்னும் முரட்டு மருந்து, சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரை 70-க்குக் கீழே போகும்போது உடம்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரந்து எச்சரிக்கை கொடுக்கும். படபடப்பு, கை நடுக்கம், பசி, வியர்வை எல்லாம் அந்த எச்சரிக்கைதான். 54-க்குக் கீழே இறங்கும்போது மூளைக்குச் சர்க்கரை போதாமல் பேச்சு குழறும், ஆள் அடையாளம் தடுமாறும், காரணமில்லாமல் கோபம் வரும். உங்கள் அப்பா ஸ்டென்ட் வைத்த பிறகு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார் என்று சீட்டில் இருக்கிறது. இதயத்துக்கு அவசியமான அந்த மருந்து அட்ரினலினின் வேலையைத் தடுப்பதால் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. ஆகவே நடுக்கமே இல்லாமல் சட்டை பிழியும்படி நனைந்திருந்தது என்பது என் சந்தேகத்தைக் கூட்டத்தான் செய்கிறது. பங்குனி வெக்கையில் வியர்க்கத்தானே செய்யும் என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். வேலை செய்து வரும் வியர்வையில் உடம்பு சூடாக இருக்கும். சர்க்கரை இறங்கி வரும் வியர்வையில் பெரும்பாலும் நெற்றியும் கழுத்தும் சில்லென்று இருக்கும். அடுத்த முறை தொட்டுப் பாருங்கள். மெட்டோபிரோலாலை இதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

கருப்பட்டிக் காப்பிக்கு அரை மணி நேரம் ஏன் ஆனது என்பதற்கும் விடை அந்த மாத்திரையிலேயே இருக்கிறது. கருப்பட்டி, வெல்லம், நம் ஊரில் சீனி என்று சொல்லும் வெள்ளைச் சர்க்கரை, மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். குடலில் அது இரண்டாக உடைந்த பிறகுதான் குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறும். வோக்ளிபோஸ் என்ற மருந்தின் வேலையே அந்த உடைப்பைத் தாமதப்படுத்துவதுதான். சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை எகிறாமல் இருக்க அது உதவுகிறது. ஆபத்து நேரத்தில் அதே உதவி எதிரியாகிவிடுகிறது. இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரைத்தான் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மூன்று நான்கு தேக்கரண்டி போதும். அது ஏறத்தாழ 15 கிராம். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, 70-க்கு மேல் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு தம்ளர் பாலும் நான்கு பிஸ்கட்டுமோ சாப்பிட வேண்டும். குளுக்கோஸ் பவுடர் கையில் இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டாம், கருப்பட்டியோ சீனியோ கொடுங்கள், தாமதமாகவாவது வேலை செய்யும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய் வேறு ஆபத்தை உண்டாக்கிய நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: கிளைமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஒரு முறை ஏறிவிட்டது என்பதற்காக ஏறியபடியே இருக்காது. சிறுநீரகம் தளர்ந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம். அன்று முழுவதும், இரவு உட்பட, ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

இனி 6.1-ஐப் பற்றி. எச்பிஏ1சி 6.1 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை ஏறத்தாழ 128. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு 58-ம், பதினொரு மணிக்கு 210-ம் இருந்தாலும் சராசரி அழகாகவே வரும். போதாததற்கு ஹீமோகுளோபின் 10.2 என்கிறீர்கள். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. ரத்தசோகை இருக்கும்போது, அது எந்த வகை ரத்தசோகை என்பதைப் பொறுத்து, இந்த எண் உண்மையைவிட ஏறியோ இறங்கியோ காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் ஏறிக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நிலைகளிலும் ரத்த இழப்பிலும் குறைத்துக் காட்டும். ஆகவே உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அந்த 6.1-ஐ நான் நம்ப மாட்டேன், கொண்டாடவும் மாட்டேன். மெட்பார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதும் உண்டு என்பதால் இரும்புச்சத்தோடு அதையும் சேர்த்துப் பரிசோதித்துவிடுங்கள்.

"ஏழுக்குக் கீழே இருக்க வேண்டும்" என்று ஊரெல்லாம் சொல்வது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் பயம் சற்றுக் குறையும். இங்கிலாந்தில் நடந்த யுகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட, 25 முதல் 65 வயது வரை உள்ளவர்களைப் பத்து ஆண்டுகள் கவனித்ததில், எச்பிஏ1சி 7.0 இருந்த குழுவினருக்கு, 7.9 இருந்த குழுவினரைவிட, கண், சிறுநீரகம் முதலான சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. அது பொய்யில்லை, நாற்பத்தைந்து வயதில் நோய் கண்ட ஒருவர் என்னிடம் வந்தால் ஏழுக்குக் கீழே கொண்டுவரத்தான் நானும் மெனக்கெடுவேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு, ஏழு நல்லது என்றால் ஆறு இன்னும் நல்லதுதானே என்று சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், இதய நோய் உள்ள அல்லது வரக்கூடிய 10,251 பேர் சேர்க்கப்பட்டார்கள். சராசரி வயது 62. ஒரு பாதிப் பேருக்கு 6-க்குக் கீழே என்று இலக்கு வைத்து மருந்துகளைக் கூட்டினார்கள். 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கடுமையாகக் குறைத்த குழுவில் 257 பேரும் மற்றக் குழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள். மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியதும் கடுமையான குழுவில்தான் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த மரணங்களுக்குச் சர்க்கரை இறக்கம்தான் நேரடிக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் இதய நோயும் நீண்ட காலச் சர்க்கரையும் உள்ள ஒருவரை மருந்தால் 6-ஐ நோக்கி நெருக்குவதில் லாபம் இல்லை என்பது அன்றோடு தெளிவாகிவிட்டது. உங்கள் அப்பா, யுகேபிடிஎஸ்ஸில் சேர்க்கப்பட்டவர்களைவிட, அக்கார்டில் சேர்க்கப்பட்டவர்களைத்தான் ஒத்திருக்கிறார்.

நடைப்பயிற்சியாலும் உணவாலும் எந்த மருந்தும் இல்லாமல் 6.1-க்கு வந்தவரையும், கணையத்தைப் பிழியும் மருந்தால் 6.1-க்கு வந்தவரையும் ஆய்வுக்கூட அறிக்கை வேறுபடுத்திக் காட்டுவதில்லை. முன்னவருக்கு நான் கைகொடுப்பேன். பின்னவரிடம், இரவில் கெட்ட கனவு வருகிறதா, தலையணை நனைகிறதா, காலையில் தலை கனக்கிறதா என்று கேட்பேன். இவற்றை நீங்களும் அம்மாவிடம் கேளுங்கள். பக்கத்தில் படுப்பவர்களுக்குத்தான் தெரியும். இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் முதியவருக்கு இரவு மாத்திரையிலும் 2 மில்லிகிராம் கிளைமிபிரைடு போகிறது என்பதால் எனக்கு அந்தப் பின்னிரவின் மீதும் கண் இருக்கிறது.

கிட்னியும் கண்ணும் போய்விடுமோ என்ற கேள்வி நியாயமானது. சர்க்கரை ஓரளவு கூடுதலாக இருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதற்கு ஆண்டுகள் ஆகும். குறைந்துபோய் மூளையையும் இதயத்தையும் தாக்குவதற்கு நிமிடங்கள் போதும், அந்த நிமிடங்களில் அவர் சுற்றுச்சாலையில் லாரிகளுக்கு நடுவே மொபெட்டில் போய்க்கொண்டிருக்கலாம். இதய நோயும் சிறுநீரகத் தளர்ச்சியும் உள்ள 72 வயதுக்காரருக்கு எச்பிஏ1சி 7.5-க்கும் 8-க்கும் இடையே இருப்பதே போதுமான கட்டுப்பாடு என்பது என் கருத்து. வெறும் வயிற்றில் 90 முதல் 150 வரை, படுக்கப் போகும்போது 100 முதல் 180 வரை இருக்கலாம். இந்தக் கணக்கின்படி, மாத்திரையைக் கூட்டக் காரணமாக இருந்த அந்த 148-ம், அதற்கு முந்தைய 7.4-ம், அவருக்குப் பாதகமில்லாத எண்களே. கூட்டியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து முடிக்க வேண்டிய நெரிசலில், கண்ணுக்கு முன்னால் இருக்கும் எண்ணுக்கு மருந்து எழுதுவது எனக்கும் நேர்ந்ததுதான்.

அதற்காக 8-ஐத் தாண்டி 10-க்குப் போனாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவில் இரவெல்லாம் சிறுநீர் போய், உடம்பு வற்றி, காலில் புண் ஆறாமல், அதுவும் ஆளைச் சாய்த்துவிடும். எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டு நாட்டு மருந்துப் பொடிக்கு மாறுவதையும், அந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதையும் செய்யாதீர்கள். மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மெட்பார்மின் அதில் இருப்பதால் உடைத்தால் அதன் அமைப்புக் கெட்டுவிடும்.

செய்ய வேண்டியது, இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் போய், வரப்பில் நடந்ததைத் தேதியோடு சொல்லி, கிளைமிபிரைடை நிறுத்தலாமா என்று வெளிப்படையாகக் கேட்பது. நேரில் பார்க்காமல் நான் மருந்து மாற்றி எழுதுவது முறையாகாது. ஆனால் அவர் என் முன்னால் உட்கார்ந்திருந்தால், மூன்று மருந்துகள் சேர்ந்த அந்த மாத்திரையை விட்டுவிட்டு, மெட்பார்மினைத் தனியாக, இப்போதுள்ள நாளுக்கு 1000 மில்லிகிராம் என்ற அளவுக்கு மேல் போகாமல் தொடர்வேன். வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் அதையும் நிறுத்த வேண்டியிருக்கும். அதோடு, சாப்பாடு வந்தால் மட்டும் வேலை செய்கிற கிளிப்டின் வகை மாத்திரை ஒன்றைச் சேர்ப்பேன். அவற்றில் லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகத்தைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை 2022-இல் முடிந்ததிலிருந்து அது நல்ல விலைக் குறைவில் கிடைக்கிறது, ஆனால் அவருக்கு அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிட்டு டாபாகிளிப்ளோசின் என்ற மருந்தையும் யோசிப்பேன். இந்த வடிகட்டும் திறனில் அது சர்க்கரையைப் பெரிதாகக் குறைக்காது என்றாலும், சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் அதன் குணம் குறைவதில்லை. ஆனால் அது சிறுநீரில் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் தோட்டத்தில் நிற்பவருக்கு உடம்பு வற்றித் தலை சுற்றும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். காய்ச்சல், வாந்தி, பேதி உள்ள நாட்களிலும், புரட்டாசிச் சனிக்கிழமை மாதிரி பட்டினி இருக்கும் நாட்களிலும் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒருவர் புரிந்துகொண்டால்தான் அதைத் தொடங்குவேன். உங்கள் பயம் கிட்னியைப் பற்றியது என்றால், ரத்த அழுத்தத்தைச் சரியாக வைத்திருப்பதும், இடுப்புவலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் மாதிரியான வலி மாத்திரைகளை விடுவதும், 6.1-ஐவிட அதிகமாகக் காப்பாற்றும்.

மருத்துவரைப் பார்க்கும் வரையிலாவது, நான்கு மணிக் காப்பியோடு அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பத்து மணிச் சாப்பாட்டோடு கொடுங்கள். தோட்டத்துக்குப் போகுமுன் ஓர் இட்லியோ, ஒரு சொம்பு கம்மங்கூழோ வயிற்றுக்குள் போகட்டும். இரவு மாத்திரையைப் பற்றி, இதைப் படித்த மறுநாளே மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி, இரண்டு வாரங்களுக்கு மட்டும், தோட்டத்துக்குக் கிளம்புமுன், பறித்து முடித்து மொபெட்டை எடுக்குமுன், படுக்கப் போகுமுன் என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஓரிரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கும் பாருங்கள். மொபெட்டை எடுக்குமுன் 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும், சந்தையில் விலை குறைந்தாலும் பரவாயில்லை. டார்ச் வைக்கும் இடத்திலேயே குளுக்கோஸ் பவுடர் பொட்டலம் ஒன்றும் இருக்கட்டும். ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வரும். கூடப் பறிக்க வரும் பெண்களிடமும் அதைக் காட்டி வையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், பழையது புதியது பார்க்காமல், ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வெவ்வேறு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கிய ஒரே மருந்தை ஒருவர் இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அந்தப் பையைக் கவிழ்க்கும்போதுதான் தெரியவரும். வேறு யாரிடமாவது சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ போக நேர்ந்தால், சுகர் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். சிப்ரோபிளாக்சசின், லீவோபிளாக்சசின், கோட்ரைமாக்சசோல் ஆகியவை கிளைமிபிரைடோடு சேர்ந்தால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கக்கூடியவை.

மருந்து மாறி மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் எச்பிஏ1சி 7.6 என்றோ 7.7 என்றோ வரலாம். அப்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, "சுகர் ஏறிப்போச்சே, பழைய மாத்திரைதான் நல்லா கேட்டுச்சு" என்பார்கள். அப்பாவும் பெட்டியில் மீதமிருக்கும் பழைய அட்டையைத் தேடுவார். அந்த அட்டையை இப்போதே அப்புறப்படுத்திவிடுங்கள்.

உங்கள் மருத்துவர்.